இன்னொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்

வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் சரிசெய்வதுதான் பதினாறு வருஷமாக என் பிழைப்பு. எங்கள் தெருக் கடைக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் ‘ஸ்க்ரூ அக்கா’. மெஷினில் ஏதோ பேய் இருக்கிறது என்று யாராவது ஆரம்பித்தால், “ஃபேன்ல தூசி அடைச்சிருக்கும், அதுதான் அந்தப் பேய்” என்று சிரிக்கிற ஆள் நான். இப்போது யாராவது அப்படிச் சொன்னால் சிரிப்பதில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்கிறேன்.

அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒன்றே முக்கால். இரண்டாவது மாடி. மணியை அழுத்தினேன். கதவு சங்கிலி விட்ட அளவுக்குத்தான் திறந்தது. இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

“கீழ நீல யூனிஃபார்ம்ல யாராவது நின்னாங்களா அக்கா?”

“யாரும் இல்லையே. ஏன்?”

“என் வீட்டுக்காரர். வேலைக்குப் போறேன்னுதான் கிளம்பினார். போனாரான்னு தெரியல.”

அப்புறம்தான் சங்கிலியை எடுத்தாள். முப்பது வயதிருக்கும். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புகிற குறிப்புகளை வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கிறவள். கம்ப்யூட்டரில் புது வெர்ஷன் ஏற்றினால்தான் ஆஸ்பத்திரியின் மென்பொருள் இனிமேல் ஓடும் என்று சொல்லிவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை வரை கெடு. தாண்டினால் வேலை போய்விடும்.

“பதினோரு தடவை அப்டேட் போட்டுட்டேன் அக்கா. கடைசி வரைக்கும் ஒழுங்கா போகும். அப்புறம் நின்னு பழையபடி ஆயிடும். யாரோ வேணும்னே நிறுத்தறாங்க.”

“யாரோன்னா?”

கதவுக்குப் பின்னால் தொங்கிய ஆண் சட்டையை ஒரு தடவை பார்த்தாள்.

கம்ப்யூட்டர் உள்ளறையில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டிடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். பகல் இரண்டு மணிக்கே விளக்குப் போட வேண்டிய அறை. உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏதோ ஏறியது. வலி மருந்து, பல நாள் மாற்றாத படுக்கை விரிப்பு, கூடவே சூடான தூசி.

“வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

“இல்லையே. நாங்க ரெண்டு பேர்தான்.”

வழக்கமான வேலைகளை ஆரம்பித்தேன். டிஸ்கில் இடம் இருந்தது. பிரிண்டரைக் கழற்றினேன். ஆன்டிவைரஸை நிறுத்தினேன். அப்டேட்டை மறுபடி இறக்க விட்டுவிட்டு, முன்பு தோற்ற பதினோரு தடவையும் என்ன நடந்தது என்று மெஷினின் பதிவேட்டைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் காரணம் ஒன்றே: பயனர் நிறுத்தினார். தேதிகள் வேறு வேறு. நேரம் மட்டும் மாறவே இல்லை.

மதியம் மூன்று இருபது.

எந்தப் பயனர் என்று பார்த்தேன். அந்த மெஷினில் இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்று அவளுடையது. இன்னொன்றின் பெயர் ‘நான்’. பதினோரு தடவையும் நிறுத்தியது அதுதான்.

“இது யாரும்மா, ‘நான்’னு?”

“நான் இல்லக்கா.”

வேறு வீடாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

“இந்த மெஷின் புதுசா வாங்கினதா?”

“ஆறு மாசம் முன்னாடி அவர் கொண்டு வந்தார். தெரிஞ்சவங்க வீடு காலி பண்ணாங்களாம், சும்மா குடுத்தாங்களாம். யாரு, எங்கன்னு கேட்டா பேச்சை மாத்திடுவார். அன்னியிலேருந்து அவர் பழைய ஆளே இல்லை. ராத்திரி தூக்கம் கிடையாது. நான் இந்த ரூமுக்குள்ள வந்தாலே வாசல்ல வந்து நிக்கறார்.”

எனக்கும் அவர் மேல்தான் சந்தேகம் விழுந்தது. மனைவி என்ன டைப் அடிக்கிறாள் என்று தன் போனிலிருந்து வேவு பார்க்கும் கணவன்மார் மூன்று பேரை நான் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த மாதிரி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று இண்டு இடுக்கு விடாமல் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அப்டேட் முழுக்க இறங்கியதும் இணைய வயரைப் பிடுங்கினேன். இனி வெளியிலிருந்து யாரும் கை வைக்க முடியாது.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் வாசல் கதவு திறந்தது. நீல யூனிஃபார்ம், நகக்கண்ணில் கிரீஸ், தோளில் கருவிப் பை. லிஃப்ட் மெக்கானிக். என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

“அதைத் தொட வேணாம், வேற வாங்கித் தரேன்னு சொன்னேன்ல?”

“எதுக்கு வேற? இதுல என்ன மறைச்சு வச்சிருக்கீங்க?” என்றாள் அவள்.

அவள் எனக்குத் தண்ணீர் எடுக்க சமையலறைக்குப் போனதும் அவர் என் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்.

“மேடம், நிறுத்தறது நான் இல்ல. அவதான்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“போன வாரம் லீவுல இருந்தேன். மதியம் எட்டிப் பார்த்தா, அந்த நாற்காலியில சாய்ஞ்சு நல்லா தூங்கிட்டு இருக்கா. லேசா குறட்டை கூட வருது. கை மட்டும் டைப் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.”

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனால் தண்ணீர் டம்ளரோடு வந்தவளின் விரல்களைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் தோன்றியது. இரண்டு பேரையும் கட்டிலில் உட்காரச் சொன்னேன். கை நான்கும் என் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றேன். கீபோர்டையும் மவுஸையும் மெஷினிலிருந்து பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். வயரை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன்.

மூன்று பதினாறு. எண்பத்தெட்டு சதவீதம்.

ஜன்னல் பக்கம் எங்கோ தண்ணீர்க் குழாய் கடகடத்து நின்றது.

மூன்று பத்தொன்பது. நூறு. இனி மெஷின் தானாக அணைந்து எழ வேண்டும். அணையவில்லை. திரை நடுவில் ஒரு செய்தி வந்தது.

‘இந்தக் கணினியை இன்னொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். இப்போது நிறுத்தினால் அவர் சேமிக்காத வேலை அழிந்துவிடும்.’

இரண்டு கணக்கு இருக்கிற வீட்டில் தினமும் பார்க்கிற செய்திதான். யோசிக்காமல் ‘சரி’ அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதை முழுக்க வாசித்தேன்.

அந்த வாசனை கனத்தது. யாரோ என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிற மாதிரி.

என் மடியில் கீபோர்டு அசைந்தது.

உள்ளங்கைக்கு அடியில் ஒரு பட்டன் தானாக அமுங்கியது. நின்றது. இன்னொன்று. ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்துக்கும் இடையே மூச்சு வாங்கிக்கொண்டு அடிக்கிற மாதிரி.

வயர் நுனி என் முழங்காலருகே தொங்கிக்கொண்டிருந்தது. எதிலும் செருகப்படாமல்.

திரை ஒரு தடவை கறுத்து மீண்டும் வெளுத்தது. அது அவளுடைய கணக்கு இல்லை. ஒரு கடிதம் மட்டும் திறந்திருந்தது.

‘பராமரிப்புப் பிரிவுக்கு. ஏழாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. எனக்கு மூச்சு முட்டுகிறது, படி இறங்க முடியாது. உடனே ஆள் அனுப்பவும்.’

அதற்குக் கீழே ஒரே வரி, திரும்பத் திரும்ப, ஒவ்வொன்றுக்கும் முன்னால் தேதி போட்டு: ‘இன்னும் யாரும் வரவில்லை.’ முதல் தேதி ஆறு மாதத்துக்கு முந்தையது. ஒரு நாளும் விடாமல் வரிகள் ஓடின. கடைசியில் இன்றைய தேதி. அந்த வரி எங்கள் கண் முன்னால் எழுத்து எழுத்தாக நீண்டது. என் மடியில் பட்டன்கள் அதே வேகத்தில் அமுங்கின.

கட்டிலில் இருந்தவர் சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

“நான்தான்,” என்றார்.

அவள் கட்டிலில் இருந்தபடியே அவர் தோளில் கை வைத்தாள். “என்ன நீங்கதான்?”

“அந்தப் புகார் எனக்குத்தான் வந்துச்சு. மூணு இருபதுக்கு போன்லயே ‘வேலை முடிந்தது’ன்னு போட்டேன். போகவே இல்ல. இன்னும் ஆறு புகார் கையில இருந்துச்சு, மறுநாள் பார்த்துக்கலாம்னு நினைச்சேன். மறுநாள் மறந்துட்டேன்.”

“அப்புறம்?”

“தனியா இருந்த மனுஷன். நாலு நாள் கழிச்சுத்தான் அவர் வீட்டுக் கதவை உடைச்சாங்க. இந்த மெஷினுக்கு முன்னாடி உட்கார்ந்தபடியே...” அவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அவரோட தங்கச்சி வீட்டைக் காலி பண்ண வந்தாங்க. மனசு கேட்காம சாமான் இறக்க ஒத்தாசைக்குப் போனேன். ரொம்ப நன்றி தம்பின்னு சொல்லி இதை என் கையில குடுத்தாங்க. வேணாம்னா, ஏன்னு கேட்பாங்களேன்னு வாங்கிக்கிட்டேன்.”

அவள் தன் கையை அவர் தோளிலிருந்து எடுத்தாள். அவர் ஏதோ மறைக்கிறார் என்று ஆறு மாதமாகச் சந்தேகப்பட்டவள். அது உண்மையாகிவிட்டதில் அவளுக்கு எந்த ஆறுதலும் இல்லை. எங்கோ இன்னொரு பெண் இருப்பாள் என்று நினைத்திருந்தாளாம். அப்படியே இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியதாகப் பிறகு என்னிடம் சொன்னாள்.

அப்போது சொன்னது ஒன்றுதான்.

“அந்த மனுஷன் இத்தனை நாளா பதில் கேட்டுக்கிட்டு இருக்கார். சொல்லுங்க.”

நான் கீபோர்டை மெஷினில் செருகி அவர் மடியில் வைத்தேன். இரண்டு விரலால், தேடித் தேடி அடித்தார். ‘நான் வரவில்லை. வந்ததாகப் பொய் சொன்னேன். தப்பு என்னுடையது.’

கர்சர் மினுக்கியது.

கடிதம் தானாக மூடிக்கொண்டது. ‘நான்’ வெளியேறுகிறது என்று திரை காட்டியது. மெஷின் அணைந்தது, எழுந்தது. நான்கு மணிக்குப் புது வெர்ஷன் ஓடிக்கொண்டிருந்தது. அறையில் வெறும் அறை வாசனைதான் இருந்தது.

அவர் அத்தோடு விட்டுவிடவில்லை. மறுநாளே இறந்தவரின் தங்கையைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் வாசற்படியில் நின்றபடியே கேட்டார்களாம். “நான் உங்களுக்கு நன்றி வேற சொன்னேனே,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்களாம். நிறுவனத்திலும் எழுதிக் கொடுத்தார். வேலை போயிற்று. அவள் அவரை விட்டுப் போகவில்லை. ஆனால் எங்கே போகிறேன் என்று அவர் சொன்னாலும், போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்கிறாள்.

இரண்டு மாதம் கழித்து, பன்னிரண்டு மாடி அலுவலகம் ஒன்றில் வேலை முடித்துப் பத்தாவது மாடியில் லிஃப்ட் ஏறினேன். உள்ளே அவர். வேறு நிறுவனத்தின் யூனிஃபார்ம், அதே கருவிப் பை. காலை பதினொன்று. எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை.

“நல்லா இருக்கீங்களா?” என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். நான் கீழ்த்தளத்தை அழுத்தினேன். அவர் கண் எண்களின் மேலேயே இருந்தது. ஒன்பது. எட்டு.

ஏழில் நின்றது.

கதவு திறந்தது. வெளியே விளக்கெரிகிற காலி நடை. லிஃப்டைக் கூப்பிட்டவர் யாரும் இல்லை.

அவர் பையை இழுத்துத் தன் காலோடு அணைத்துக்கொண்டு சுவர் ஓரம் ஒதுங்கினார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம்,” என்று கிசுகிசுத்தார்.

ஒருத்தர் ஏறும்போது லிஃப்டின் தரை லேசாக இறங்குமே, அந்த அளவுக்கு இறங்கிக் கொடுத்தது. கதவு மூடியது.

“இந்தக் கட்டிடத்துல மட்டுமா?” என்றேன்.

“ஏழாவது மாடி இருக்கிற எல்லாத்துலயும்.”

கீழ்த்தளம் வந்தது. கதவு திறந்தது. அவர் வெளியே போகவில்லை. முதலில் இறங்க வேண்டியவருக்கு வழி விட்டு நின்றார். நானும் நின்றேன்.

தரை எழும்பவே இல்லை.