கொல்லயில் பஸ் ஸ்டாப்பில் ஒரு வெண்கலப் பிள்ளை

கொல்லயில் என்ற எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் வெண்கலச் சிலையைப் பார்த்திருப்பீர்கள். காலையில் திருவனந்தபுரம் பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் எங்கள் ஊர்ச் சனங்களைத்தான் அப்படி வார்த்து வைத்தோம். முன்னால் ஒரு சிறுமி பஸ்ஸுக்குக் கை நீட்டுவாள். வீட்டுக்கொரு வெண்கலச் சாமான் வாங்கி உருக்கினோம். சிலைக் கமிட்டித் தலைவர் என் வீட்டுக்காரர் ஜெயதாஸ்.

விஜயம்மா மட்டும் தரவில்லை. அவள் மகள், பத்து வயது அனகா, செத்துப் பதினோராம் நாள் நாங்கள் கேட்டுப் போனோம். பதினாறு வரை அணையக் கூடாத வெண்கல விளக்கு அந்த வீட்டில் எரிந்துகொண்டிருந்தது.

"பதினாறு கழியட்டு மக்கா. பிள்ளைக்கு இருட்டுன்னா பயமாக்கும்," என்றாள்.

"செத்த பிள்ளைக்கு எதுக்கு எக்கா வெளிச்சம்? நாளைக்கு உருக்கணும்," என்று இவர் குனிந்து விளக்கை ஊதி அணைத்தார்.

விளக்கைப் போடச் சாக்கை விரித்துப் பிடித்தது நான்தான். பாவி, நான்தான்.

சிலை திறந்தது நடுப்பகலில். கைதட்டல் ஓயவில்லை, அதற்குள் எண்ணெய் கருகும் வாடை. வெண்கலச் சிறுமியின் வலது உள்ளங்கையில் ஒரு சுடர் எரிந்தது. திரி இல்லை, எண்ணெய் இல்லை.

என் பக்கத்தில் நின்ற எங்கள் மகள் சோனா அலறினாள்.

"அம்மா, கை பொள்ளுது!"

அவள் வலது உள்ளங்கை கொப்பளித்துக்கொண்டு வந்தது.

இவர் ஓடிப்போய்ச் சுடரை ஊதினார்.

அணைந்தது.

சோனாவின் மூச்சும் நின்றது.

"கொளுத்துங்க! திரும்பக் கொளுத்துங்க!" என்று கத்தினேன். இவர் தீக்குச்சி உரசி வைத்தார். வெறும் வெண்கலத்தில் தீ பிடித்தது. பிள்ளை மூச்சு விட்டாள். உடனே மறுபடி அலறினாள்.

கூட்டத்தில் விஜயம்மா நின்றாள். ஓடிப்போய்க் காலில் விழுந்தேன்.

"எக்கா, காப்பாத்துங்க."

"எனக்க கையில இனி என்ன உண்டு, ஷீஜா? எல்லாம் நீங்கல்லா எடுத்துக்கிட்டுப் போனிய," என்றாள் மெதுவாக. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

பதினெட்டு நாள். மழையில் இவர் குடைபிடித்து அந்தச் சுடரைக் காத்தார். சோனாவின் கை எலும்புவரை கருகியது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்தார்கள். அன்றைக்குத்தான் பிள்ளை கண்மூடித் தூங்கினாள். அப்பாடா என்று நானும் வாய்விட்டு அழுதேன்.

ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். பஸ் ஸ்டாப் வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். சிலையின் வலது கையில் ஒன்றும் இல்லை.

சுடர் இடது கையில் எரிந்தது.