ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரணி

அருணாவின் அப்பா சரவணகுமார் ஆட்டோ ஓட்டுபவர். திருவண்ணாமலையில் அவருக்குத் தெரியாத தெருவே கிடையாது. ஆனால் கால் முறிந்ததிலிருந்து கட்டிலே கதி என்று இருந்தார். கட்டுப் பிரித்தாகிவிட்டது. தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லி டாக்டரும் அனுப்பிவிட்டார். அப்பாதான் எழுந்திருக்கவில்லை.

"மறுபடி விழுந்துட்டேன்னா?" என்பார். உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வாசலில் நின்றால் மலை தெரியும். அந்த ஜன்னலில் தெரிவதோ ஒரு குறுகலான சந்தும் பக்கத்து வீட்டுச் சுவரும்தான்.

அப்பா பார்ப்பதற்கு அங்கே ஏதாவது இருக்க வேண்டும் என்று அருணாவுக்குத் தோன்றியது. ஒரு சாமந்திச் செடியை வைத்தாள். வெயிலே படாத இடம். செடி சீக்கிரமே தலை சாய்ந்துவிட்டது.

பள்ளியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பந்தைத் தேடிப் போனபோதுதான் அதைப் பார்த்தாள். இருட்டு மூலை, ஈரச் சுவர். அங்கே இறகு இறகாய் இலை விரித்து ஒரு செடி செழித்து நின்றது.

"டீச்சர், இது என்ன செடி?"

"பெரணி. பூக்காது, காய்க்காது. உனக்கு எதுக்கு?" என்று சிரித்தார் பத்மஜா டீச்சர்.

"எங்க வூட்டுச் சந்தும் இதே மாதிரிதான் இருக்கும் டீச்சர். ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

வேரோடும் மண்ணோடும் ஒரு கொத்தைப் பெயர்த்து வந்து, பழைய பெயின்ட் டப்பாவில் நட்டு, ஜன்னலுக்கு நேரே சந்தில் வைத்தாள். மண் காயாமல் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினாள்.

ஆனாலும் இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்துக் காய்ந்தன.

"செத்துப்போச்சு போல. தூக்கிப் போட்டுடு" என்றார் அம்மா.

அருணா செடியின் அடியைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் கெட்டியா இருக்கும்மா. காஞ்ச இலையை மட்டும் வெட்டிடறேன்."

மறுநாள் அப்பா ஜன்னல் வழியாகக் கேட்டார். "ஏன் பாப்பா, மொட்டை டப்பாவுக்குப் போய்த் தண்ணி ஊத்தற?"

"இருப்பா. அதுக்கு முடி மொளைக்கும்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு ஒரு காலையில் அவரே கூப்பிட்டார். "பாப்பா, ஓடியா! அங்க பாரு, ஏதோ சுருண்டுக்கினு இருக்குது!"

கொசுவத்திச் சுருள் போல, ஆனால் பச்சையாய், ஒரு குருத்து!

அன்றிலிருந்து அவள் பள்ளி விட்டு வரும்போதெல்லாம் அப்பாவிடம் ஒரு செய்தி இருந்தது. "பெரிசு பாதி விரிஞ்சிடுச்சு. சின்னது இன்னும் தூங்குது."

பங்குனி வெயில் கொளுத்திய ஒரு நாள், அவசரத்தில் தண்ணீர் ஊற்ற மறந்து பள்ளிக்குப் போய்விட்டாள் அருணா. வகுப்பில் மனமே ஓடவில்லை. மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினாள்.

கட்டில் காலியாக இருந்தது.

"அப்பா!" என்று அலறியபடி சந்துக்குள் பாய்ந்தாள்.

அப்பா நின்றுகொண்டிருந்தார்! ஒரு கை சுவரில், இன்னொரு கையில் தண்ணீர் மக். முகமெல்லாம் வேர்வை. பெரணி இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இலையெல்லாம் தொங்கிப்போச்சு பாப்பா. எவ்ளோ நேரந்தான் படுத்துக்கினே பாக்கறது?"

அருணா மக்கை வாங்கக் கை நீட்டினாள். "குடுப்பா, இன்னும் கொஞ்சம் நான் எடுத்தாறேன்."

"நீ இரு. நானே போறேன்."

சுவரைப் பிடித்தபடி, மெல்ல மெல்ல, அப்பா குழாயடிக்கு நடந்தார்.