மெல்ச்சோரின் ஓய்வு மனு

மனுவின் ஓரத்தில் எழுதியிருந்த பதிலில் மை இன்னும் காயவில்லை.

மன்னர் வேட்டைக்குப் போய் இன்றோடு மூன்று நாள். கிளம்புவதற்கு முன் அவர் மேசைமேல் மந்திரி டோன் மெல்ச்சோர் வைத்த ஓய்வு மனு அது. பூட்டிய உள்ளறையில் இருக்க வேண்டியது, இப்போது கதவுக்கு வெளியே தரையில் கிடந்தது. 'இப்போது முடியாது. வேலை இருக்கிறது.'

"ஹசிந்தோ, உள்ள யாராவது போனாங்களா?"

"யாரு போறது ஐயா? சாவி உங்க இடுப்புலதானே தொங்குது." கிழக் குமாஸ்தா காகிதக் கட்டுகளை அள்ளிக்கொண்டு சிரித்தான். "உங்களுக்கு ஓய்வா? கல்லறைக்கும் கட்டு கட்டா அனுப்பி வைப்பாங்க பாருங்க."

அவன் காலடி ஓசை படிக்கட்டில் இறங்கித் தேய்ந்தது. மதிய உணவுக்குப் பிந்தைய அந்த நேரத்தில் மத்ரீத் அரண்மனையே உறங்கிக்கொண்டிருந்தது. அணைந்த கணப்பின் சாம்பல் வாடையும், அரக்கு வாடையும், அவற்றுக்கு அடியில் ஈரமண் போன்ற இன்னொரு வாடையும் நடையில் தேங்கி நின்றன. மெல்ச்சோர் காகிதத்தைச் சன்னலருகே கொண்டுபோனார். வால் நீண்டு சுழிக்கும் அந்த எழுத்து மன்னருடையது அல்ல.

அது டோன் ஃபத்ரீக்கின் எழுத்து.

வயாதோலித் ஊரில் நகலெழுதிக்கொண்டிருந்த மெல்ச்சோரைக் கூட்டிவந்து, தன் மேசையிலேயே இடம் கொடுத்து, அரசாங்கக் கடிதம் எழுதப் பழக்கியவர் ஃபத்ரீக். பதினோரு வருடங்களுக்கு முன் அவர் துரோகி என்று மன்னரை நம்பவைத்து, அவரைக் கழுத்தை நெரித்துக் கொல்லும் உத்தரவைத் தன் கையாலேயே எழுதினார் மெல்ச்சோர். செகோவியாக் கோட்டைச் சிறையில் அதைக் காட்டியபோது, எழுத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கான்" என்று மட்டும் சொன்னாராம் ஃபத்ரீக். மறுநாளே மந்திரி நாற்காலி மெல்ச்சோருக்கு வந்தது. அன்றிலிருந்து ஒரு நாள்கூட அவர் முழுதாகத் தூங்கியதில்லை.

பயந்திருக்க வேண்டும். ஆனால் அலுப்புதான் பெரிதாக இருந்தது. மனுவின் அடியிலேயே எழுதினார்: 'கண் மங்கிவிட்டது. முழங்கால் மடங்கவில்லை. என்னை விட்டுவிடுங்கள்.' கதவிடுக்கில் தள்ளினார்.

உள்ளே இறகுப்பேனா கீறும் சத்தம். நிதானமாக. அவசரமே இல்லாமல்.

காகிதம் திரும்பி வந்தது.

'எனக்குக் கண்ணே இல்லை. எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.'

ஓடிவிடலாம். படிக்கட்டு பத்தடி தூரம்தான். ஆனால் இன்றைக்குத் தப்பினாலும் நாளைக் காலை இதே கதவுக்குத்தான் வரவேண்டும். ஃபத்ரீக் கூட்டிவந்த நாளிலிருந்து இருபத்தாறு வருடமாக வந்தது போல.

சாவியைத் திருப்பினார்.

மன்னரின் உள்ளறை பத்து எட்டு வைத்தால் முடிந்துவிடும். இன்று முடியவில்லை. அறைக்குள் அடங்காத ஒரு மேசை, இருட்டுக்குள் நீண்டுகொண்டே போனது. இரு பக்கமும் கறுப்பு உடை மனிதர்கள். குனிந்த தலைகள். சிலரது கழுத்தில் பழங்கால மடிப்புக் கழுத்துப்பட்டை. சிலருக்குக் கையில் தசையே இல்லை. ஒருவரும் நிமிரவில்லை. எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அப்பால் படிக்கட்டிலிருந்து, "ஐயா! எங்க போயிட்டீங்க?" என்றான் ஹசிந்தோ. பதில் சொல்ல வாய் திறந்தார். காற்றுதான் வந்தது.

மேசையின் கடைசியில் இருந்தவரின் தலை தோளில் துவண்டு கிடந்தது. கழுத்தைச் சுற்றிலும் கயிறு பதிந்த தடம். அவர் கை மட்டும் நிற்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, பெஞ்சில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டார்.

"உக்காருப்பா மெல்ச்சோர்," என்றார் ஃபத்ரீக். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "இன்னைக்கு நெறைய வந்திருக்கு."