பொட்டலத்தின் எடை

கை சொன்னது இருபது கிலோ. முள் சொன்னது ஒன்பது.

பார்சல்காரி நாயை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு, குளியலறை வாசலில் கிடந்த எடைப்பெட்டியின் மேல் நின்றபடியே, நாயின் முதுகுக்கு அந்தப்பக்கம் எட்டி முள்ளை இன்னொரு தரம் பார்த்தாள். நாயோடு சேர்த்து அறுபத்தொன்பது. சற்றுமுன் தனியாக ஏறியபோது அறுபது. கழித்தால் ஒன்பது. கணக்கில் ஓட்டை இல்லை. ஆனால் தோள்பட்டை இரண்டும் கழன்று விழுந்துவிடும் போல வலித்தது. பார்சல் அலுவலகத்தில் நாள் முழுக்கப் பெட்டி தூக்கும் கைகள் அவை. தூக்கிய மாத்திரத்தில் எடை சொல்லிவிடும், கால் கிலோ கூட முன்னே பின்னே போகாது. அந்தக் கைகள் இன்றைக்கு இருபது என்று அடித்துச் சொல்லின.

அவள் கைகளை நம்பவில்லை. கை என்ன சொன்னாலும் ரசீதில் ஏறுவது தராசு சொல்வதுதான் என்பது அலுவலகத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். டிரம்மில் வரும் சரக்கை டிரம்மோடு நிறுத்து, வெறும் டிரம்மைக் கழித்து எழுதுவார்கள். நாயையும் அப்படித்தான் நிறுத்தாள். அவள்தான் டிரம். டிரம் என்று சொல்ல உடம்பில் சதை இருந்தால்தானே, ஊதினால் பறந்துவிடுவாள். கொஞ்ச நாளாகச் சட்டையெல்லாம் தொளதொளவென்று தொங்க, எடைப்பெட்டியின் முள் மட்டும் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. "ஆள் இளைக்கிற, எடை ஏறுது. எனக்குத் தெரியாம இரும்பு திங்கிறியா?" என்று அவள் புருஷன் கிண்டல் செய்வான். அவன் வெல்டர். வீட்டுப் பின்கட்டிலேயே கேட்டும் ஜன்னல் கம்பியும் பற்றவைக்கிறவன், இரும்புக்கு அங்கே பஞ்சமில்லை.

இன்னொன்றும் இருந்தது. நாயைத் தூக்கிய அந்த நொடியில் அவளுக்குப் பின்னால் ஏதோ விழுந்தது. தொப். நனைந்த துண்டு கொடியிலிருந்து தரையில் விழுந்தால் கேட்குமே, அந்தச் சத்தம். திரும்பிப் பார்த்தாள். துண்டு கொடியில்தான் இருந்தது. பின்கட்டில் வெல்டர் இரும்பைப் பற்றவைக்க, ஜன்னல் வழியாக நீல வெளிச்சம் வெட்டி வெட்டி விழுந்தது, எதிர்ச் சுவரில் அவள் நிழலும் நாயின் நிழலும் ஒன்றாகத் துள்ளின. அவற்றுக்குக் கீழே, தரையோடு தரையாக, குந்தி உட்கார்ந்த மாதிரி இன்னும் ஒரு கறுப்பு. வெளிச்சம் நின்றதும் சுவரில் எதுவும் இல்லை. நாய் மட்டும் அவள் தோளுக்கு மேலாக அந்த மூலையைப் பார்த்து, தொண்டைக்குள்ளேயே உறுமிக்கொண்டிருந்தது.

நாயின் பெயர் பொட்டலம். அலுவலகத்தில் காலிப் பெட்டி ஒன்றுக்குள் சுருண்டு கிடந்த குட்டியை யாரும் கேட்டு வரவில்லை. முகவரி இல்லாத பொட்டலம் என்று சிரித்துக்கொண்டே அவள் வீட்டுக்கு எடுத்து வந்தாள். ஈ எறும்புக்குக் கூடத் தீங்கு நினைக்காமல் வளர்ந்த நாய் அது. சமீபத்தில்தான் புத்தி மாறிப்போயிற்று. அவள் எங்கே உட்கார்ந்தாலும் முதுகுப்பக்கம் வந்து நின்று பல்லைக் காட்டியது. ஒருநாள் பாய்ந்து தோளருகே சட்டையைக் கிழித்தது. இன்னொரு நாள் பிடரியில் பல் பட்டு ரத்தம் கசிந்தது.

"சோறு போட்ட கையையே கடிக்கிற ஜென்மம். இன்னொரு வாட்டி உன் மேல பாயட்டும், குழாயாலயே ஒரே போடு," என்றான் வெல்டர். அவன் சொன்னால் செய்வான்.

"உடம்பு பூரா உண்ணிங்க. அந்த எரிச்சல்ல பண்ணுது. மருந்து போட்டா சரியாயிடும்," என்றாள்.

"சரியாகலன்னா?"

நாயின் உயிர் இப்போது ஒரு மருந்தில் தொங்கியது.

மறுநாள் வேலை விட்டு வரும் வழியில் பிராணிகள் கடைக்குள் நுழைந்தாள். வாசலில் கிளிகளும் குருவிகளும் கூண்டுக்குள் காதைப் பிளந்துகொண்டிருந்தன, அவள் படியேறியதும் சத்தம் குறைந்தது. கடைக்காரம்மா மூன்று டப்பாக்களை மேசையில் பரப்பினாள்.

"இது கழுத்துல விடற சொட்டு மருந்து. குளிப்பாட்டினா போயிடும். இது பட்டை, மாட்டி விட்டா போதும், ஆனா உங்க நாய் கடிச்சுத் துப்பிடும். மாத்திரைதான் நல்லது. ரத்தத்துல கலந்துடும். உண்ணி கடிச்சா உண்ணி சாகும்."

"கடிச்சாத்தான் சாகுமா?"

"ஆமா. கடிக்காம சும்மா உக்காந்திருக்கறத மாத்திரை ஒண்ணும் பண்ணாது. நாய் என்ன எடை?"

"ஒன்பது."

கடைக்காரம்மா குட்டி நாய் படம் போட்ட டப்பாவை எடுத்தாள். "எடையைக் கரெக்டா சொல்லுங்கம்மா. குறைச்சுக் குடுத்தா பூச்சி சாகாது, பழகிடும். பூச்சிங்க கெட்டிக்காரங்க. காவல் இல்லாத உடம்பாப் பார்த்துத் தேடிப் போகும்."

ஒன்பதுதான் என்று பார்சல்காரி உறுதியாகச் சொன்னாள். யானைக்கும் அடி சறுக்கும், அவளுக்கோ அவள் பிழைக்கிற தொழிலிலேயே சறுக்கியது.

மாத்திரை பலிக்கவில்லை. உண்ணிகள் நாயின் காது மடலில் கொத்துக்கொத்தாகத் தொங்கின. ஊதிப் பருத்தவை சுவரில் ஊர்ந்தன. வெல்டர் அவற்றைச் சுத்தியால் அடித்து நசுக்க, சுண்ணாம்புச் சுவரில் சிவப்புத் துளிகள் காய்ந்து கறுத்தன. வீடு முழுக்க ஈர இரும்பின் வாடை. பின்கட்டிலிருந்து வருகிறது என்று நினைத்தாள். ஆனால் அலுவலகத்திலும் அது அவளோடு வந்தது, பேருந்திலும் வந்தது, பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார்கள். பிடரி மரத்துப் போயிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை. இரவில் அவள் முதுகோடு முதுகை ஒட்டிக்கொண்டு பொட்டலம் படுத்தால்தான் தூக்கமே வந்தது, அந்தச் சில மணி நேரம் உடம்பு லேசாக இருந்தது.

விடுமுறை நாள் மாலையில் அவள் பொட்டலத்தையே கயிற்றில் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனாள். வழியெல்லாம் நாய் முன்னால் போகவே மறுத்தது. அவளுக்குப் பின்னால் நடந்தது, பின்னாலேயே உறுமியது.

நாயைப் பார்த்ததும் கடைக்காரம்மா சிரித்துவிட்டாள். "இதுவா ஒன்பது கிலோ? ஏத்துங்க." கடையில் தரையோடு பதித்த பெரிய தராசு இருந்தது. பொட்டலம் அதில் ஏறி நின்றது. இருபது.

"வீட்ல எப்படிம்மா நிறுத்தீங்க?"

"தூக்கிட்டு ஏறினேன். என்னைக் கழிச்சேன்."

"அப்ப உங்க எடையத்தான் தப்பா எடுத்திருக்கீங்க. நீங்க ஏறுங்க."

அவள் ஏறினாள். அறுபது. "உங்களைப் பார்த்தா அம்பது கூடத் தேறாதே," என்று கடைக்காரம்மா முணுமுணுத்தாள். "சரி, நாயையும் தூக்குங்க. எம்பது காட்டணும்."

பார்சல்காரி குனிந்து பொட்டலத்தைத் தூக்கினாள். பின்னால் தொப் என்று கேட்டது.

அறுபத்தொன்பது.

கூண்டிலிருந்த பறவைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வாயை மூடின. கூண்டின் ஒரு பக்கமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டன. அவளுக்குப் பின்னால் அடுக்கியிருந்த தீவன டப்பாக்களில் ஒன்று அசைந்தது, உருண்டது, விழுந்தது. கடைக்காரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. பார்வை பார்சல்காரியின் கால்களுக்குப் பின்னால், தரையில் இருந்தது.

"என்னம்மா பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. கடை சாத்தணும். கிளம்புங்க. காசு வேணாம், கிளம்புங்க."

கூட்டிக் கழித்துப் பார்க்கிற மூளை அவளுடையது, தெருவில் இறங்குவதற்குள் பார்த்துவிட்டது. நாய் இருபது. மொத்தம் அறுபத்தொன்பது. அப்படியானால் அவள் நாற்பத்தொன்பதுதான். தனியாக ஏறும்போது மட்டும் பதினொரு கிலோ கூடுகிறது. அது அவள் மேல் இருக்கிறது. நாயைக் கையில் எடுத்தால் இறங்கிவிடுகிறது. பொட்டலம் ஒருநாளும் அவள் மேல் பாயவில்லை, அவள் மேல் இருந்ததன் மேல் பாய்ந்தது. பாவம், வாயில்லாத ஜீவன். வேறு எப்படிச் சொல்லும்?

அவள் நாயைக் கீழே இறக்கவில்லை.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மூடிய கடைகளின் இரும்புக் கதவுகளை ஒட்டி, நாயை மார்போடு இறுக்கிக்கொண்டு நடந்தாள். நாயின் சூடான மூச்சு கழுத்தில் பட்டது. பின்னால் தொப், தொப் என்று ஈரமான எதுவோ, அவள் நின்றால் நின்று, நடந்தால் நடந்து, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அவள் கைகள் எரிந்தன. எதிரே வந்தவர்கள், இவ்வளவு பெரிய நாயைத் தூக்கிச் சுமக்கிறாளே என்று சிரித்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் அவளுக்குப் பின்னால் பார்க்கவில்லை.

திருப்பம். வேப்பமரம். கேட்டு. வெல்டர் செய்த கேட்டு, அவளே பச்சை வண்ணம் அடித்தது. காலால் தள்ளினாள். கூடம். உள்ளே இருட்டு. பின்கட்டில் இரும்பு அறுக்கும் சத்தம்.

"என்னங்க! இங்க வாங்க! சீக்கிரம்!"

சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. கதவைச் சாத்த ஒரு கை வேண்டும். அவளிடம் கை இல்லை. குளியலறை வாசல் வரை போனாள். அங்கே விரல்கள் தாமாகவே விரிந்தன.

பொட்டலம் தரையில் விழுந்தது.

பின்னால் வந்தது அவள் மேல் ஏறியது. இடுப்பில் ஒரு பிடி. முதுகெலும்பில் ஒரு பிடி. தோள். பிடரியில் பழைய இடத்தில், பழைய பழக்கத்தில், குளிர்ந்த வாய்.

அவள் அலறினாள். பொட்டலம் பாய்ந்தது. அவள் காதை உரசிக்கொண்டு போய்ப் பின்னால் எதையோ கவ்வியது. கவ்வி உலுக்கியது. அவள் கழுத்துக்குள்ளிருந்து, வேரைப் பிடுங்குவது போல, ஏதோ நீளமாக உருவிக்கொண்டு வந்தது. வலி. சூடான ரத்தம். தோள், மார்பு, சுவர், எல்லாம் ரத்தம். முழங்கால் மடங்கியது.

"ஏய்!"

வெல்டர். கையில் குழாய்.

"அடிக்காதீங்க! அது என்னைக் கடிக்கல! என்னைக் கடிக்கலங்க!"

அவன் கண்ணுக்குத் தெரிந்தது பெண்டாட்டியின் கழுத்தில் தொங்கும் நாய். முதல் அடி முதுகில். எலும்பு உடைந்தது. நாய் பிடியை விடவில்லை. பின்னுக்கு இழுத்தது. இழுத்த இழுப்பில் தொப் என்று அவள் மேல் இருந்தது தரையில் விழ, அவன் கண்ணுக்கு வெறும் தரையைக் கவ்வுவது போல, நாய் அதன் மேல் கிடந்து உறுமியது. பார்சல்காரி அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் உதறினான். இரண்டாவது அடி தலையில். மூன்றாவது தேவையே இல்லை. அதையும் அடித்தான்.

பொட்டலத்தின் வாய் திறந்துகொண்டது.

"முடிஞ்சுது, பயப்படாத," என்று அவன் மூச்சு வாங்கினான். குழாயை எறிந்துவிட்டு அவள் கழுத்தைப் பார்த்து அழுதான். "அசையாத. வண்டிய எடுக்கிறேன். அசையாத." ஓடினான்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாயின் தலை அவள் மடியில் இன்னும் சூடாக இருந்தது. எத்தனையோ நாட்களுக்குப் பிறகு முதுகு நேராக நிமிர்ந்திருந்தது. உடம்பு காகிதம் போல லேசாக இருந்தது. அந்த லேசுதான் அவளை அழவைத்தது.

காலடியில் எடைப்பெட்டி கிடந்தது. மேலே யாரும் இல்லை.

முள் நடுங்கியது.

ஏறியது. பதினொன்று.

எடைப்பெட்டியின் ஓரத்தில் தேங்கியிருந்த நாயின் ரத்தம், அந்தப் பக்கத்திலிருந்து குறையத் தொடங்கியது. சத்தமில்லாமல். துடைத்த மாதிரி. பன்னிரண்டு. தரையின் சிமெண்ட் வெளியே தெரிந்தது. பதின்மூன்று. பதினாலு.

பொட்டலத்தின் தலையை அவள் மார்போடு சேர்த்துத் தூக்கினாள். அது உறுமவில்லை.

முள் படக்கென்று பூஜ்யத்துக்கு வந்து நின்றது. தொப் என்ற சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள். சத்தம் கேட்கவில்லை.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெல்டர் வாசலில் வந்து நின்றான். "எந்திரி," என்றான். அவள் கையூன்றினாள். எழ முடியவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தொளதொளவென்று தொங்கிய அவள் சட்டை, முதலில் இடது தோளில், பிறகு வலது தோளில், மெல்ல அமுங்கியது.