முழங்கால் பக்கத்துக் கைப்பிடி

எரிந்த விமானத்துக்குள் பைலட்டின் உடல் கிடைத்தபோது, அது பெல்ட்டுக்குள்ளேயே பின்பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தது. வலது கை இருக்கைக்குப் பின்னால், தரையை நோக்கி நீண்டிருந்தது.

இரண்டு பேர் உட்காரும் மிகப் பழைய விமானம் அது. பறக்கும்போதே எஞ்சினில் தீப்பிடித்திருக்கிறது. பெட்ரோல் வால்வை மூடியிருந்தால் தீ அடங்கியிருக்கும். மூடவில்லை.

மறுநாள் காலை, பட்டறை. எரிந்த விமானத்தை முந்தின நாள் மாலையே இங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். விசாரணை அதிகாரி கருகிய கூட்டுக்குள் டார்ச் அடித்தாள். பட்டறைக்காரர் அருகிலேயே நின்றார். இறந்தவர் அவருடைய தங்கை கணவர்.

“வால்வு எங்க?”

“சீட்டுக்குப் பின்னாடி, தரையில மேடம். பெல்ட் போட்டுட்டா கை எட்டாது. கம்பி நீட்டிக் கைப்பிடிய முன்னாடி கொண்டுவரணும்னு உத்தரவு வந்துச்சு. போன மாசமே மாட்டிட்டேன். பாருங்க, இடது முழங்கால் பக்கத்துல.”

இருந்தது. மற்ற எல்லாவற்றையும் போலக் கரி பிடித்து, திறந்த நிலையில்.

“அப்புறம் ஏன் மூடல?”

“பயந்துட்டாரு. மாப்பிள்ளைக்குக் கை கால் ஓடியிருக்காது.”

வாசலில் நின்றிருந்த தங்கை நிமிர்ந்தாள். “அவர் பதறுற ஆளே இல்லண்ணா.”

அதிகாரி ஸ்க்ரூடிரைவர் வாங்கி, கைப்பிடியின் தகட்டைக் கழற்றினாள். தகடு மூடியிருந்த இடத்தை விரலால் தேய்த்தாள். விரல் நுனி கறுத்தது.

கொட்டகை மூலையில் அதே ரக விமானம் இன்னொன்று பழுதுபார்க்க நின்றது. அதில் கைப்பிடி இன்னும் மாட்டப்படவில்லை.

“ஏறி உக்காருங்க.”

“எதுக்கு மேடம்?”

“உக்காருங்க.”

பெல்ட்டை அவளே இழுத்து இறுக்கினாள். “எஞ்சின் எரியுது. வால்வ மூடுங்க.”

அவர் சிரிக்கப் பார்த்தார். திரும்பினார். பட்டை தோளை அறுத்தது. வலது கை பின்னால் போய்த் துழாவியது. விரல்கள் வெறும் காற்றைப் பிடித்தன. இன்னும் முறுக்கினார். உடல் அந்தப் பிணம் கிடந்த அதே கோணத்துக்கு வந்து நின்றது. அவருக்கே அது புரிந்தது. மூச்சு இரைத்தது.

“கழட்டுங்க! மேடம், கழட்டுங்க!”

“முழங்கால்கிட்ட கைப்பிடி இருந்தா எவனாவது பின்னாடி துழாவுவானா?” என்றாள் அதிகாரி. “தீப்பிடிச்சப்போ அந்தத் தகடு அங்க இருந்திருந்தா, அதுக்கு அடியில பெயின்ட் சுத்தமா இருந்திருக்கணும். அடியிலயும் கரி. தீ அணைஞ்ச பிறகுதான் அதை மாட்டியிருக்கீங்க. கைப்பிடிக்கு மேல கரியப் பூசிட்டீங்க. அடியில இருக்கிறத மறந்துட்டீங்க.”

அவர் தலை தொங்கியது. “அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளிட்டே இருந்தேன். மாட்டாமலே மாட்டிட்டேன்னு கையெழுத்துப் போட்டேன். நம்ம மச்சான்தானேன்னு அவரும் நம்பிப் பறந்தாரு.”

தங்கை மெல்ல நடந்து வந்தாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“எப்ப மாட்டின?”

அவர் பெல்ட்டைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார்.

“பிணவறை வாசல்ல இருந்து நீ போன் பண்ணி, சீக்கிரம் வாண்ணான்னு அழுதியே... அப்பத்தான். வந்துட்டே இருக்கேன்னு சொன்னேன்.”