முப்பத்தோராம் நாள் பங்கு

நான்காவது சாண்ட்விச்சை யார் தின்கிறார்கள் என்பது மார்ஜரிக்கு முப்பது நாளாகப் புரியவில்லை.

மகன் ராபின் ஆற்றில் மூழ்கிப் போன மறுநாளும் அவள் கை பழக்கத்தில் நான்கு பேருக்கே செய்தது. கணவன் நெவிலுக்கு, மகள் டில்லிக்கு, தனக்கு, ராபினுக்கு. சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் காலி, அடியில் கொஞ்சம் ஈரம். நெவில் தின்றான் என்று முதலில் இவள் நினைத்தாள். கேட்டால், இவள் தின்றாள் என்று நெவில் நினைத்திருந்தான்.

இன்று காலை, முப்பத்தோராம் நாள், பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று மட்டும் செய்தாள்.

பழைய மடத்தின் இடிபாட்டுக்குப் போய்வரலாம் என்றது நெவில்தான். டில்லி கொஞ்சம் ஓடியாடட்டும் என்றான். கூரையில்லாத உணவுக்கூடத்தில், சுவரோரக் கல்பெஞ்சில், வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். மேலே உடைந்த வளைவுகளில் காகங்கள் கரைந்தன. நனைந்த புல்லின் வாசமும் ஆட்டுப் புழுக்கை வாசமும் கலந்து வந்தன. தரைக்கடியில் எங்கேயோ தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அது நம்ம ஆறுதான்," என்றான் நெவில். "அந்தக் காலத் துறவிங்க மேல அணை கட்டி, கல் வாய்க்கால்ல திருப்பி உள்ள கொண்டாந்திருக்காங்க. முதல்ல சமையலறை, கடைசியில கக்கூஸ்."

"மாத்திக் கட்டியிருந்தா?" என்றாள் டில்லி.

"சூப்பு பிரமாதமா இருந்திருக்கும்."

டில்லி சிரித்தாள். ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு.

"ஒரு துறவி செத்துட்டா, அவன் இடத்துல முப்பது நாள் சாப்பாடு வைப்பாங்க. அதை வாசல்ல நிக்கிற ஏழைக்குக் குடுப்பாங்க," என்றான் நெவில்.

"அப்புறம்?"

"தட்டை எடுத்துடுவாங்க. அவன் போயிட்டான்னு கணக்கு."

"போகலைன்னா, அப்பா?"

நெவில் எழுந்து, வாய்க்கால் வெளியே வரும் துளையைப் பார்க்கக் கூடத்தின் மறுகோடிக்குப் போனான்.

மார்ஜரி டப்பாவைத் திறந்தாள். டில்லிக்கு ஒன்று, தனக்கு ஒன்று. தண்ணீர்ச் சத்தம் இப்போது தரைக்கடியில் இல்லை, பெஞ்சுக்கடியில் இருந்தது. காகங்கள் எப்போது அடங்கின என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கிள்ளாதேம்மா."

"நான் எங்கடி கிள்ளினேன்?"

"வலிக்குது. விடச் சொல்லு."

டில்லியின் மணிக்கட்டு நனைந்திருந்தது. ஆற்றுச் சேற்றின் வாசம். தோலில் சின்னப் பல் தடங்கள், பிறை போல. மேல் வரிசையில், நடுவில், ஓர் இடைவெளி.

அந்தப் பல் வீட்டில் இருக்கிறது. தீப்பெட்டிக்குள், பஞ்சு சுற்றி. விழுந்தபோது ராபின் அழவேயில்லை.

இன்னொரு தடம். முழங்கைக்கு அருகில். இது ஆழம்.

"அம்மா!"

மார்ஜரி தன் சாண்ட்விச்சை எடுத்தாள். டில்லிக்கும் தனக்கும் நடுவில், வெறுங்கல்லின் மேல் வைத்தாள்.

"இந்தாடா கண்ணு. மறந்துட்டேன். அம்மா மறந்துட்டேன்."

ரொட்டி மெல்ல ஊறியது. ஒரு மூலை போனது. மென்று விழுங்க ஆகும் நேரம். பிறகு அடுத்த மூலை. ஒவ்வொரு கடியிலும் நடுவில் அதே இடைவெளி, அதில் ரொட்டியின் மெல்லிய நாக்கு ஒன்று கடிபடாமல் நின்றது. கல்லில் ஈரம் பரவியது, ஒரு சிறுவன் உட்காரும் அகலத்துக்கு. டில்லியின் மணிக்கட்டு காயத் தொடங்கியது. மறுகோடியில் நெவில் இவர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, வாய்க்காலின் சரிவு எவ்வளவு என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மார்ஜரி ஈரத்தின் மேல் கையை வைத்தாள். ஜில்லென்றிருந்தது. எடுக்கவில்லை.

முப்பது நாளோடு நிறுத்தக் கூடாது. தினமும் நான்கு செய்ய வேண்டும். நான்கு இருந்தால் அவன் டில்லியைத் தொடமாட்டான்.