ஊறவைத்த பஞ்சு

மூடியைத் திறந்ததும் பஞ்சு ஜாடியிலிருந்து இனிப்பாக ஒரு வாடை வந்தது. கட்டுப்போடும் அறையில் எட்டு வருடமாக நர்ஸ் முகர்ந்து பழகிய பென்சால்கோனியம் கிருமிநாசினியின் நெடி இல்லை அது. நாள்பட்ட திராட்சையை மென்றதுபோல நாக்கின் அடிவரை ஒட்டிக்கொண்டு இறங்கி, மின்விசிறி சுற்றச் சுற்ற அறையெங்கும் பரவியது.

தினமும் காலையில், குறைந்திருக்கும் அளவுக்கு மருந்தை ஊற்றிப் புதுப் பஞ்சை மேலே போட்டுவிடுவாள். ஜாடியைக் கழுவியதே இல்லை. "கிருமியைக் கொல்ற மருந்தையே குளிப்பாட்டணுமாக்கும்" என்று, கழுவச் சொன்ன ஆயாவைக் கிண்டல்கூட செய்திருக்கிறாள்.

"அக்கா, சீக்கிரம் பாரு." மேசையில் காலை நீட்டிப் படுத்திருந்தான் தம்பி. முழங்கால் அறுவை முடிந்து பத்து நாள். அம்மா போனபிறகு அவளுக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். "உள்ள ஏதோ ஊர்ந்துக்கிட்டே இருக்கு."

"தையல் ஆறும்போது அப்படித்தான்டா இருக்கும்."

இடுக்கியால் எடுத்த பஞ்சு வழுக்கியது. அடியில் கிடந்ததைப் பிடித்து இழுத்தாள். அது தனியாக வரவில்லை. சளிபோன்ற பச்சை நூல்கள் நீண்டு, அறுந்து, அவள் மணிக்கட்டில் படிந்தன. மருந்து டப்பாவைத் திருப்பி, ஒட்டியிருந்த சீட்டை முதல்முறையாகப் படித்தாள். பஞ்சை ஊறவைத்தால் மருந்தின் வீரியம் போய்விடும். தினமும் ஜாடியைக் காலிசெய்து கழுவவும்.

பத்து நாளாக இதைத்தான் அவன் காயத்தில் தடவியிருக்கிறாள். பயமாக இருந்தது. அதைவிட, தன் கைகளே அருவருப்பாக இருந்தன.

கட்டைப் பிரித்தாள். கடைசிச் சுற்று தோலோடு ஒட்டியிருந்தது. அதே இனிப்பு. தையல்களுக்கிடையே பச்சை. மெல்ல அழுத்தினாள். நூலாக வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"என்னக்கா, ஆறிடுச்சா?"

வெளியே பெஞ்சு கிரீச்சிட்டது.

"சிஸ்டர், அடுத்து நானா?"

திரும்பினாள். வரிசையாகப் பதினோரு பேர். கையில், காலில், நெற்றியில், அவள் போட்ட வெள்ளைக் கட்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஈரமாக ஒரு பச்சைக் கறை. கடைசியில் ஒருத்தி மடியில் கைக்குழந்தை. அது கட்டுப்போட்ட விரலை வாயில் வைத்து, ருசித்துச் சப்பிக்கொண்டிருந்தது.